நான்கெழுத்தில் ஓர் ஆள்: மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வின் வரலாறு

ஆளுமையை அளப்பதற்கென்று இன்று புழக்கத்தில் இருக்கும் தேர்வுகளில் மிகப் பரவலாக அறியப்பட்டது மையர்ஸ்-பிரிக்ஸ் வகைகாட்டி, சுருக்கமாக எம்.பி.டி.ஐ. இதை எழுதி முடிப்பவருக்கு மதிப்பெண்ணுக்குப் பதில் நான்கு ஆங்கில எழுத்துகள் கிடைக்கும். ஐ.என்.டி.ஜே., இ.எஸ்.எஃப்.பி. என்று மொத்தம் 16 சேர்க்கைகள். ஒவ்வொன்றும் ஒரு வகை மனிதர், ஒரு வகையான சிந்திக்கும் முறை. ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் பேர் இதை எழுதுகிறார்கள் என்று நீண்டகாலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. நம் ஊர் நிர்வாகவியல் கல்லூரிகளுக்கும் ஐ.டி. நிறுவனப் பயிற்சி வகுப்புகளுக்கும் இந்த எழுத்துகள் புதியவை அல்ல. இவ்வளவு தூரம் பரவிய இந்தத் தேர்வை உருவாக்கிய இருவரில் ஒருவர்கூட உளவியல் படித்தவர் இல்லை. அமெரிக்காவில் ஒரு தாயும் மகளும் வீட்டில் உட்கார்ந்து உருவாக்கியது இது. இதன் கவர்ச்சி, பலவீனம் இரண்டுமே அந்த வீட்டில் பிறந்தவைதான்.

மனிதர்களைச் சில வகைகளாகப் பிரித்துப் பார்க்கும் ஆசை மிகப் பழையது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் பெர்கமோன் நகரில் பிறந்த மருத்துவர் கேலன், இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கு உடல்நீர்களின் ஏற்றத்தாழ்வைக் கொண்டு நோயையும் குணத்தையும் சேர்த்தே விளக்கினார். சித்த, ஆயுர்வேத மருத்துவங்கள் வாதம், பித்தம், கபம் என்ற மூன்றைக் கொண்டு ஏறக்குறைய அதையே செய்தன. சட்டென்று சூடாகிறவரைப் ‘பித்த உடம்பு’ என்று சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. இந்த மரபுகளில் குணம் உடம்பைச் சார்ந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியவர் வைத்தியர். ‘நீ எப்படிப்பட்டவன்’ என்று ஆளையே கேட்டு, அவர் சொல்வதையே அளவாக எடுத்துக்கொள்ளும் முறை மிகப் பின்னால் வந்தது.

அந்த முறையைக் கொண்டுவந்தது போர். முதல் உலகப் போரில் குண்டு வெடிப்புகளுக்கு நடுவே மனம் குலைந்துபோன சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் முகாம்களுக்குத் திரும்பினார்கள். இப்படி உடைந்துபோகக்கூடியவர்களை முன்கூட்டியே பிரித்தெடுக்க அமெரிக்க ராணுவம் விரும்பியது. கொலம்பியா பல்கலைக்கழக உளவியலாளர் ராபர்ட் வுட்வொர்த், ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று பதில் சொல்லும்படி 116 கேள்விகள் கொண்ட தாளைத் தயாரித்தார். தூக்கத்தில் நடப்பதுண்டா, காரணமில்லாமல் பயம் வருகிறதா என்ற ரகக் கேள்விகள். தாள் புழக்கத்துக்கு வருமுன் போர் முடிந்துவிட்டது. ஆனால் பின்னால் வந்த ஆளுமைத் தேர்வுகள் பலவற்றுக்கும் அதுவே அச்சு. அவை எல்லாமே ஆளிடம் என்ன கோளாறு என்று தேடின. இந்த நோக்கத்தைத் தலைகீழாகத் திருப்பியதுதான் மையர்ஸ்-பிரிக்ஸ் செய்த காரியம்.

அந்தத் தாய், கேத்தரின் குக், 1875-இல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தார். தந்தை வேளாண் கல்லூரிப் பேராசிரியர். கேத்தரினும் 14 வயதிலேயே அந்தக் கல்லூரியில் சேர்ந்தார். உடன் படித்த லைமன் பிரிக்ஸைத் திருமணம் செய்துகொண்டு வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தார். லைமன் இயற்பியலாளர்; 1933 முதல் 1945 வரை அமெரிக்காவின் தேசிய அளவை நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். கிலோவும் மீட்டரும் பிசகாமல் காப்பது கணவரின் வேலை. அளவுகோலே இல்லாத ஒன்றை அளக்க முனைந்தவர் மனைவி. பிள்ளைகளில் மகள் இசபெல் ஒருத்திதான் பிழைத்து வளர்ந்தாள். மற்றவை சிறு வயதிலேயே போய்விட்டன. அந்த ஒரே மகளைக் கேத்தரின் பெரும்பாலும் பள்ளிக்கு அனுப்பாமல் தானே படிக்கவைத்தார். அவள் எப்படிக் கற்கிறாள், எதற்கு அடம்பிடிக்கிறாள், எதில் ஆர்வம் காட்டுகிறாள் என்பதையெல்லாம் குறிப்பேடுகளில் எழுதிவைத்தார். குழந்தை வளர்ப்பு பற்றிப் பத்திரிகைகளிலும் எழுதினார்.

இசபெல் பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரிக்குப் போனார். அங்கே சட்டம் படிக்கப்போகும் கிளாரன்ஸ் மையர்ஸைச் சந்தித்து 1918-இல் மணந்துகொண்டார். மாப்பிள்ளை நல்லவர், ஒழுங்கானவர். ஆனால் பிரிக்ஸ் குடும்பத்தில் யாரைப்போலவும் அவர் யோசிக்கவில்லை. கேத்தரினும் இசபெலும் கற்பனையில் தாவுகிறவர்கள். அவர் கண்ணெதிரே இருக்கும் விவரத்தைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக நடக்கிறவர். மாமியாருக்கு மருமகனைப் புரிந்துகொள்ள முடியவில்லை. அதற்காகக் கோபித்துக்கொள்ளாமல் நூலகத்துக்குப் போனார் என்பதுதான் கேத்தரினின் தனித்தன்மை. பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளை வரிசையாகப் படித்து, மனிதர்களை நான்கு வகையாகப் பிரித்தார்: ஆழ்ந்து யோசிப்பவர், தோன்றியபடி இயங்குபவர், நிர்வகிப்பவர், எல்லோருடனும் பழகுபவர். புத்தகமாக எழுதும் எண்ணமும் இருந்தது. கார்ல் யுங் எழுதிய ‘உளவியல் வகைகள்’ 1923-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தான் தேடிக்கொண்டிருந்ததை வேறொருவர் இன்னும் பெரிதாகச் செய்து முடித்துவிட்டார் என்று கேத்தரின் முடிவு செய்தார். தன் குறிப்புகளை அவரே எரித்துவிட்டதாகக் குடும்பக் கதை சொல்கிறது.

யுங்கும் கேத்தரின் பிறந்த அதே 1875-இல் பிறந்தவர், சுவிட்சர்லாந்துக்காரர். சூரிக் மனநல மருத்துவமனையில் பணியாற்றிய இளம் வயதில் அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது சொல் தொடர்புச் சோதனை. நூறு சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, கேட்டவுடன் மனத்தில் எழும் சொல்லைச் சொல்லச் செய்து, நிறுத்துக் கடிகாரத்தில் நேரத்தைக் குறிப்பார். தயங்கும் இடத்தில் ஏதோ ஒளிந்திருக்கிறது என்பது கணக்கு. இந்திய ராணுவ அதிகாரி வேலைக்கான எஸ்.எஸ்.பி. தேர்வில் 60 சொற்களை ஒவ்வொன்றாக 15 விநாடி காட்டி எழுதச் சொல்லும் பகுதி இந்த மரபில் வந்ததுதான்.

1913-இல் யுங் தன் குருஸ்தானத்தில் இருந்த ஃபிராய்டைப் பிரிந்தார். அந்தப் பிரிவின் வலியிலிருந்தே வகைக் கோட்பாடு பிறந்தது. ஒரே நோயாளியை ஃபிராய்டு ஒரு விதமாகவும், அவரிடமிருந்து முன்பே பிரிந்துபோன ஆல்ஃபிரட் ஆட்லர் வேறு விதமாகவும் பார்க்கிறார்களே, ஏன்? நோயாளியிடம் மட்டும் அல்ல, பார்க்கிறவரின் மனப்போக்கிலும் விடை இருக்க வேண்டும் என்று யுங் நினைத்தார். சிலருடைய மன ஆற்றல் வெளியுலகை நோக்கிப் போகிறது, சிலருடையது உள்ளே திரும்புகிறது. முன்னவர் புறமுகர், பின்னவர் அகமுகர். இன்று கல்லூரிப் பிள்ளைகள் வாயில் புழங்கும் எக்ஸ்ட்ரோவெர்ட், இன்ட்ரோவெர்ட். இதோடு சிந்தனை, உணர்வு, புலனறிவு, உள்ளுணர்வு என்ற நான்கு செயல்பாடுகளைச் சேர்த்து எட்டு வகைகளை 1921-இல் வெளியான நூலில் விவரித்தார். கூடவே எச்சரிக்கையும் செய்தார். முழுக்க அகமுகரோ முழுக்கப் புறமுகரோ யாரும் கிடையாது, அப்படி ஒருவர் இருந்தால் அவர் இருக்க வேண்டிய இடம் மனநல விடுதி என்பது அவர் கருத்து. ஆட்களைப் பார்த்துச் சீட்டு ஒட்டுவதற்கு இந்த வகைகளைப் பயன்படுத்துவது சிறுபிள்ளை விளையாட்டு என்றும் பின்னாளில் ஒரு பதிப்பின் முன்னுரையில் எழுதினார். அந்த எச்சரிக்கையைத்தான் வாசகர்கள் முதலில் மறந்தார்கள்.

கேத்தரின் 1926-இல் ‘நியூ ரிபப்ளிக்’ இதழில் யுங்கின் வகைகளைச் சாதாரண வாசகர்களுக்கு எளிமையாக்கி எழுதினார். மகள் அப்போது வேறு பாதையில் இருந்தார். துப்பறியும் கதைப் போட்டி ஒன்றுக்கு அனுப்பிய நாவலுக்கு இசபெல் 7,500 டாலர் பரிசு வென்றார். அந்தப் பரிசு முதலில் எல்லரி குயின் என்ற புனைபெயரில் எழுதிய இருவரின் முதல் நாவலுக்குத்தான் போவதாக இருந்தது. நடுவில் பத்திரிகை நொடித்துக் கைமாறியதால் முடிவும் மாறியது. 1934-இல் வந்த இரண்டாம் நாவல் இன்று படிக்கக் கூசுகிறது. தங்கள் உடலில் கறுப்பின ரத்தம் இருக்கலாம் என்று அறியவரும் வெள்ளைக் குடும்பத்தினர் ஒவ்வொருவராகத் தற்கொலை செய்துகொள்ளும் கதை அது. எந்த வகையும் மற்றதைவிடத் தாழ்ந்தது அல்ல என்ற தேர்வைப் பின்னால் உருவாக்கியவரும் இதே பெண்மணிதான் என்பதை வரலாறு எழுதுகிறவர்கள் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இரண்டாம் உலகப் போர் இசபெலை அம்மாவின் ஆர்வத்துக்குத் திருப்பியது. ஆண்கள் போர்முனைக்குப் போக, அதுவரை சம்பளத்துக்கு வேலை பார்த்திராத பெண்கள் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வந்துகொண்டிருந்தார்கள். யாரை எந்த வேலையில் வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. 1942-இல் ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ இதழில், ஹம்-வாட்ஸ்வொர்த் என்ற குணத் தேர்வைக் கொண்டு நிறுவனங்கள் ஆளுக்கேற்ற வேலை கொடுப்பது பற்றி வந்த கட்டுரையை இசபெல் படித்தார். அந்தத் தேர்வு அவருக்குத் திருப்தி தரவில்லை. மனநோய்களின் பெயர்களை வைத்து ஆட்களைப் பிரித்தது அது. யுங்கின் வகைகளைக் கொண்டு இதைவிட நல்லதொன்றைத் தானே செய்யலாம் என்று தோன்றியது. பிலடெல்பியாவில் வங்கி ஒன்றில் பணியாளர் துறையைப் பார்த்துவந்த எட்வர்ட் ஹே என்பவரிடம் போய், தேர்வு தயாரிப்பது, மதிப்பெண் போடுவது, புள்ளியியல் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். 1943-இல் முதல் வடிவம் தயாரானது. குடும்பத்தினர், நண்பர்கள், அக்கம்பக்கத்துப் பள்ளி மாணவர்கள் என்று கிடைத்தவர்களையெல்லாம் எழுதவைத்தார்.

கேள்விகள் எளிமையானவை. விருந்துக்குப் போனால் எல்லோரோடும் கலந்து பேசுவீர்களா, தெரிந்த ஒருவரோடு ஒதுங்கிவிடுவீர்களா; விடுமுறையை முன்பே திட்டமிடுவீர்களா, அன்றன்று தோன்றியபடி கழிப்பீர்களா என்ற போக்கில் இருக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். ‘அப்போதைக்கு அப்போது’ என்று பதில் சொல்ல இடம் இல்லை. விடைகள் நான்கு இணைகளில் கூட்டப்படும். புறமுகம்-அகமுகம், புலனறிவு-உள்ளுணர்வு, சிந்தனை-உணர்வு ஆகிய மூன்றும் யுங்கிடமிருந்து எடுத்தவை. நான்காவது தாயும் மகளும் சேர்த்தது: காரியத்தை முடிவுகட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவரா, முடிவைத் தள்ளிப்போட்டுக் கதவைத் திறந்தே வைத்திருப்பவரா என்பது. ஒவ்வொரு இணையிலும் எந்தப் பக்கம் கூடுதலோ அந்தப் பக்கத்தின் எழுத்து உங்களுடையது. சிந்தனை-உணர்வு இணைக்கு மட்டும் ஆணுக்கு ஒரு விதமாகவும் பெண்ணுக்கு ஒரு விதமாகவும் மதிப்பெண் போட்டார்கள். பெண்கள் எப்படியும் உணர்வு சார்ந்த விடையைத் தேர்வார்கள் என்ற அனுமானம் கணக்கிலேயே ஏறியிருந்தது. 1998-இல் வந்த வடிவத்தில்தான் இது போனது.

இசபெலின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. 1950-களில் 45 மருத்துவக் கல்லூரிகளைச் சேர்ந்த 5,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் தேர்வை நடத்தி, அவர்கள் பின்னாளில் எந்தச் சிறப்புத் துறைக்குப் போனார்கள் என்றுகூடத் தொடர்ந்து பார்த்தார். 1957-இல் இ.டி.எஸ். என்ற கல்வித் தேர்வு நிறுவனம் அவரைத் தேடிவந்தது. அமெரிக்கக் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வை அப்போது நடத்திவந்த நிறுவனம் அது. அதன் தலைவர் ஹென்றி சான்ஸிக்கு, அறிவை அளப்பதுபோல் ஆளுமையையும் அளந்துவிட வேண்டும் என்ற ஆசை இருந்தது. ஆனால் பிரின்ஸ்டன் அலுவலகத்திலிருந்த இளம் புள்ளியியலாளர்களுக்கு, பட்டமும் பயிற்சியும் இல்லாமல் இரவு பகலாகத் தங்கள் கணக்குகளைத் தோண்டித் துருவும் அறுபது வயது அம்மையாரைக் கண்டால் ஆகவில்லை. தூக்கம் வராமலிருக்க அவர் ஒரு பானம் வைத்திருந்தார். பாலில் ஈஸ்ட்டைக் கரைத்து, ஹெர்ஷி சாக்லேட்டை உருக்கி ஊற்றியது. அதற்கு அவர் வைத்த பெயர் புலிப்பால். நிறுவனத்தின் ஆய்வாளர் லாரன்ஸ் ஸ்ட்ரிக்கர் தேர்வை அலசிக் கடுமையான அறிக்கை எழுதினார். மனிதர்கள் இரண்டிரண்டு வகைகளாகப் பிரிந்து நிற்கிறார்கள் என்பதற்குத் தரவில் ஆதாரம் இல்லை என்பதே அதன் மையம். 1962-இல் இ.டி.எஸ். கையேட்டை வெளியிட்டபோது, ஆராய்ச்சிக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையோடு வெளியிட்டது. பின்னர் கைகழுவியும் விட்டது.

1968-இல் கேத்தரின் இறந்தார். தேர்வும் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் 1975-இல் கலிபோர்னியாவின் கன்சல்டிங் சைக்காலஜிஸ்ட்ஸ் பிரஸ் என்ற சிறு பதிப்பகம் அதை விற்பனைக்கு எடுத்துக்கொண்டது. புளோரிடா பல்கலைக்கழக உளவியலாளர் மேரி மக்காலி இசபெலோடு சேர்ந்து இதற்கென்றே ஒரு மையத்தை நிறுவினார். சில ஆண்டுகளில் பெரிய நிறுவனங்களின் பயிற்சி வகுப்புகள் இதை வாரிக்கொண்டன. இசபெல் 1980 மே மாதத்தில் இறந்தபோது வெற்றியின் தொடக்கத்தைத்தான் பார்த்திருந்தார்.

நிறுவனங்களுக்கு இது ஏன் பிடித்தது என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. வுட்வொர்த் வழிவந்த தேர்வுகள் ஒருவரைப் பதற்றக்காரர், சந்தேகப் பிராணி என்று சொல்லிவிடக்கூடும். அதை ஐம்பது ஊழியர்கள் முன்னால் சொல்ல எந்த மேலாளருக்கும் துணிவு வராது. மையர்ஸ்-பிரிக்ஸில் கெட்ட வகையே கிடையாது. பதினாறும் பதினாறு விதமான திறமைகள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கும் விற்பனைப் பிரிவில் இருப்பவருக்கும் இடையே ஏற்படும் சண்டை, இருவரில் ஒருவர் அயோக்கியர் என்பதால் அல்ல, இருவரும் வேறு விதமாக யோசிப்பதால் என்று ஆகிவிடுகிறது. மாமியார் ஒருவர் மருமகனைப் புரிந்துகொள்ளப் பிறந்த கோட்பாடு அல்லவா, சமாதானம் பேசுவது அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. இந்தப் பயனைக் குறைவாக மதிப்பிட வேண்டியதில்லை. ‘அவன் என்னை மதிக்கவில்லை’ என்பதிலிருந்து ‘அவன் யோசித்துவிட்டுத்தான் பேசுவான்’ என்பதற்கு ஒருவர் வந்துசேர்ந்தால் அது நல்லதே.

அளவுகோல் என்று எடுத்துக்கொண்டால்தான் சிக்கல். உயரத்தைப்போலவே புறமுகத்தன்மையிலும் பெரும்பாலோர் நடுவில் இருக்கிறார்கள், ஓரங்களில் சிலரே. தேர்வு அந்த நடுவிலேயே கோடு கிழிக்கிறது. கோட்டுக்குச் சற்று இந்தப் பக்கம் நிற்பவரும் சற்று அந்தப் பக்கம் நிற்பவரும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆட்கள். ஆனால் இருவருக்கும் எதிரெதிர் எழுத்து. இந்தப் பக்கத்தின் கடைசி எல்லையில் இருப்பவருக்கும் கோட்டருகே நிற்பவருக்கும் ஒரே எழுத்து. அதனால்தான் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் எழுத்து மாறுகிறது. ஐந்து வார இடைவெளியில் இரண்டாம் முறை எழுதியவர்களில் பாதிப்பேர் வரைக்கும் நான்கில் ஓர் எழுத்தாவது மாறி வேறு வகைக்குப் போனதாக 1993-இல் டேவிட் பிட்டெங்கர் தொகுத்துக் காட்டினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் அறிக்கை, தொழில் ஆலோசனைக்கு இதைப் பயன்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லியிருந்தது.

‘ஆனால் என்னைப் பற்றிச் சரியாகச் சொல்கிறதே’ என்ற பதில் எப்போதும் வரும். இதற்கு விளக்கம் 1948-இல் கிடைத்துவிட்டது. பெர்ட்ராம் ஃபோரர் என்ற ஆசிரியர் தன் 39 மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்து, பின்னர் ஆளுக்கொரு குணவிவரத் தாள் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள். வாசகங்களைக் கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். புகழ்ச்சி கலந்த பொது வாசகத்தைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்வது மனித இயல்பு. வாரபலன் படிக்கும் எவருக்கும் இது தெரிந்த விஷயம்தான். மையர்ஸ்-பிரிக்ஸ் அறிக்கைகள் ஆளுக்காள் மாறுபடுவதால் சோதிடத்தோடு அப்படியே சேர்க்க முடியாது. ஆனால் ‘எனக்குப் பொருந்துகிறது’ என்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ளவும் முடியாது.

பல்கலைக்கழக உளவியல் இதற்கிடையே வேறு வழியில் போனது. 1936-இல் கோர்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பெர்ட்டும் வெப்ஸ்டர் அகராதியில் மனிதரை வேறுபடுத்திக் காட்டும் சொற்களை எண்ணினார்கள். ஏறத்தாழ 18,000 சொற்கள் தேறின. மனிதருக்கு மனிதர் முக்கியமாகப் படும் வேறுபாடு எதுவானாலும் மொழியில் அதற்குச் சொல் இருக்கும் என்பது நம்பிக்கை. கஞ்சன், ஊதாரி, முசுடு, சாது, வம்பன் என்று தமிழிலும் அள்ளலாம். அந்தச் சொற்களைக் குறைத்து, எவையெவை சேர்ந்தே வருகின்றன என்று பல ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் கணக்கிட்டபோது ஐந்து தொகுதிகள் திரும்பத் திரும்ப வந்தன: புறமுகத்தன்மை, இணக்கம், பொறுப்புணர்வு, புதுமைக்கு இடம் கொடுத்தல், மன அமைதியின்மை. இவைதான் ‘பெரும் ஐந்து’. இதில் வகைகள் இல்லை. ஒவ்வொன்றிலும் யார் எவ்வளவு என்று மட்டும் சொல்லும்.

1989-இல் ராபர்ட் மெக்ரேயும் பால் கோஸ்டாவும் இரண்டையும் ஒப்பிட்டார்கள். மையர்ஸ்-பிரிக்ஸின் நான்கு இணைகளும் ஐந்தில் நான்கோடு ஓரளவு பொருந்திவந்தன. ஆகத் தாயும் மகளும் வெறுங்கையோடு திரும்பவில்லை. உண்மையான வேறுபாடுகளையே தொட்டிருந்தார்கள். விடுபட்ட ஐந்தாவது எது? எளிதில் கலங்குவது, கவலைப்படுவது, சோர்ந்துபோவது. யாரும் கேட்க விரும்பாத ஒன்றைத்தான் அந்தத் தேர்வு கேட்காமல் விட்டிருந்தது. ஆராய்ச்சி இதழ்களில் பெரும் ஐந்து வென்றது. மக்களிடம் அது இன்னும் போய்ச்சேரவில்லை. பொறுப்புணர்வில் கீழ்ப்பாதி என்று எழுதித்தரும் தாளை யார் நண்பர்களுக்குக் காட்டுவார்கள்?

நான்கு எழுத்துகள் இதற்குள் கடல் கடந்துவிட்டன. ஜப்பானிய மொழிபெயர்ப்பு 1960-களிலேயே வந்தது. தென்கொரியாவில் கடந்த சில ஆண்டுகளாக இளைஞர்கள் அறிமுகமாகும்போதே தங்கள் எழுத்துகளைச் சொல்லிக்கொள்கிறார்கள். வேலை விளம்பரங்களிலும் ‘இந்த வகையினர் விரும்பப்படுவர்’ என்று போடும் அளவுக்குப் போயிற்று. இசபெல் 1942-இல் ஆசைப்பட்டதும் ஆளுக்கேற்ற வேலைதான். ஆனால் இன்று வேலைக்கு ஆளெடுக்கவோ கழிக்கவோ எம்.பி.டி.ஐ.யைப் பயன்படுத்தக் கூடாது என்பதை அதை வெளியிடும் நிறுவனமே விதியாக வைத்திருக்கிறது. நேர்காணலில் யாராவது உங்கள் நான்கு எழுத்துகளைக் கேட்டால் அந்த விதியை எடுத்துச் சொல்லலாம்.